ரெசிடென்ட் என்றால் குடியிருப்பவர்: டாக்டர் ஹால்ஸ்டெட்டின் கதை



போன பொங்கலுக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். பெரியம்மா பொண்ணு, எங்க அக்கா, எம்.எஸ். சர்ஜரி ரெண்டாவது வருஷம் படிக்கிறாங்க. பொங்கல் அன்னைக்கு மதியம்தான் வீடு வந்து சேர்ந்தாங்க. இலை போட்டு, சாதம் வெச்சு, சாம்பார் ஊத்திட்டு அப்பளம் எடுக்க பெரியம்மா சமையலறைக்குள்ள போனாங்க. திரும்பி வர்றதுக்குள்ள அக்கா உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிட்டாங்க. பிசைஞ்ச கை அப்படியே இலையில இருந்தது.

அப்புறம் கேட்டா, முந்தின நாள் காலையில டியூட்டிக்குப் போனவங்க முப்பது மணி நேரம் கழிச்சு நேரா பஸ் ஏறியிருக்காங்க. நாமளும் தூங்காம இருந்திருக்கோம், இல்லையா? செமஸ்டருக்கு முந்தின ராத்திரி, சிம்போசியத்துக்கு முந்தின ராத்திரி. ஆனா நான் தூங்கி வழிஞ்சா அதிகபட்சம் ஒரு அரியர். அக்கா கையில அந்த நேரத்துல இருக்கிறது வேற ஒருத்தரோட வயிறு.

இப்படி ஒரு டைம்டேபிளை யார்தான் போட்டாங்கன்னு கேட்டேன். அக்கா சிரிச்சுக்கிட்டே ஒரு பேர் சொன்னாங்க: ஹால்ஸ்டெட். நூறு வருஷத்துக்கு முன்னாடியே இறந்துபோன ஒரு அமெரிக்க சர்ஜன். லீவு முடியறதுக்குள்ள அவரைப் பத்தி கிடைச்சதையெல்லாம் படிச்சேன். நான் எதிர்பார்த்த ஆள் அவர் இல்லை. அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போறேன்.

லைப்ரரி பக்கம் போகாத மாணவர்

வில்லியம் ஸ்டுவர்ட் ஹால்ஸ்டெட் 1852 செப்டம்பர் 23 அன்று நியூயார்க்கில் பிறந்தார். அப்பா பெரிய வியாபாரி. வீட்டில் பணத்துக்குக் குறைவே இல்லை. யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே நாலு வருஷத்தில் அவர் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம்கூட எடுத்ததாகப் பதிவு இல்லை என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். விளையாட்டில் மட்டும் புலி. யேலின் ஃபுட்பால் டீமுக்கே கேப்டன்.

கடைசி வருஷத்தில்தான் ஏதோ மாறியது. உடற்கூறு பற்றியும் உடலியங்கியல் பற்றியும் இரண்டு தடிமனான புத்தகங்களைச் சொந்தக் காசில் வாங்கிப் படிக்க ஆரம்பித்தார். 1874ல் யேலை முடித்ததும் நியூயார்க்கில் மருத்துவக் கல்லூரி. 1877ல் டாக்டர் பட்டம். கேம்பஸில் கிரிக்கெட் மட்டையோடு மட்டுமே திரிந்து, ஏழாவது செமஸ்டரில் திடீரென்று படிப்பில் இறங்கி எல்லாரையும் தாண்டிப் போகும் ஒரு ஆள் உங்க கிளாஸ்லயும் இருப்பார். அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நியூயார்க் ஹாஸ்பிட்டலில் வேலை. அங்கே அவர் செய்த ஒரு சின்ன காரியம் இன்றைக்கும் உலகம் முழுக்க இருக்கிறது. நோயாளியின் உடல் வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சு எண்ணிக்கை மூன்றையும் ஒரே தாளில் கிராஃப் மாதிரி குறித்து வைக்கும் சார்ட். ஆஸ்பத்திரிக் கட்டிலின் காலடியில் தொங்கும் அட்டையைப் பார்த்திருப்பீர்கள். அதன் ஆரம்பகால வடிவங்களில் ஒன்று அவருடையது. இந்த ஆஸ்பத்திரியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்பி வருவோம்.

1878ல் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். ரெண்டு வருஷம். அன்றைக்கு அறுவை சிகிச்சையின் தலைநகரம் வியன்னாவும் ஜெர்மன் நகரங்களும்தான். அமெரிக்காவில் அப்போது சர்ஜன் ஆவதற்கு என்று முறையான பயிற்சி எதுவும் கிடையாது. பட்டம் வாங்கிய மறுநாளே கத்தியை எடுக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். ஜெர்மனியில் நிலைமை வேறு. ஒரு பெரிய பேராசிரியர், அவருக்குக் கீழே வருஷக்கணக்கில் உதவியாளர்களாக இருந்து படிப்படியாக மேலே வருபவர்கள், பக்கத்திலேயே ஆராய்ச்சிக்கூடம். இதையெல்லாம் ஹால்ஸ்டெட் உன்னிப்பாகப் பார்த்தார்.

ஒரே ஆள், ஐந்தாறு ஆஸ்பத்திரி

1880ல் நியூயார்க் திரும்பியவருக்கு வயது 28. அடுத்த நாலைந்து வருஷம் அவர் வேலை செய்த வேகத்தை நம்பவே முடியவில்லை. காலையில் ஒரு ஆஸ்பத்திரி, மதியம் இன்னொன்று, ராத்திரி வேறொன்று என்று ஐந்தாறு இடங்களில் டியூட்டி. நடுவில் மாணவர்களுக்குத் தனி வகுப்பு. அந்த வகுப்புக்கு நல்ல கூட்டம். நண்பர்கள் நிறைய, கலகலப்பான ஆள்.

துணிச்சலும் அதிகம். 1881ல் அவருடைய தங்கைக்குப் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்கவில்லை. சாகும் நிலை. ஹால்ஸ்டெட் தன் உடம்பிலிருந்தே ரத்தத்தை எடுத்து தங்கைக்கு ஏற்றினார். தங்கை பிழைத்துக்கொண்டார். ரத்த வகைகள் இருக்கின்றன என்பதே 1901 வாக்கில்தான் உலகத்துக்குத் தெரியும். அதாவது அன்றைக்கு அவர் செய்தது சுத்தமான சூதாட்டம், நல்ல வேளையாக ஜெயித்தது. அடுத்த வருஷம் அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். நடுராத்திரியில், வீட்டுச் சமையலறை மேசையில் படுக்க வைத்து ஆபரேஷன் செய்தார். அம்மாவும் பிழைத்தார்.

இந்த வயதில், இந்த வேகத்தில், தொட்டதெல்லாம் ஜெயிக்கும் ஒருவருக்குத் தன் உடம்புக்கு எல்லை உண்டு என்று யார் சொன்னால் கேட்பார்?

1884

அந்த வருஷம் செப்டம்பரில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் ஒரு செய்தி வெளியானது. வியன்னாவைச் சேர்ந்த கார்ல் கொல்லர் என்ற இளம் டாக்டர், கோகைன் கரைசலைக் கண்ணில் விட்டால் கண் மரத்துப் போகிறது என்று கண்டுபிடித்திருந்தார். அதுவரை ஆபரேஷன் என்றால் ஈதரோ குளோரோஃபார்மோ கொடுத்து ஆளையே மயக்க வேண்டும். ஒரு இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்ய முடியும் என்பது அன்றைக்குப் பெரிய விஷயம்.

ஹால்ஸ்டெட் உடனே பிடித்துக்கொண்டார். கண்ணில் விட்டால் மேல்தோல் மரக்கிறது, நரம்பின் அருகிலேயே ஊசியால் செலுத்தினால் அந்த நரம்பு போகும் பகுதி முழுவதும் மரக்குமா? மரத்தது. இன்றைக்குப் பல் பிடுங்கும்போது டாக்டர் தாடையில் ஒரு ஊசி போட்டு உதடு வரை மரத்துப்போக வைக்கிறாரே, அந்த முறைக்கு வழி போட்டவர்களில் முதல் ஆள் இவர். ஆனால் பரிசோதனை யார்மேல் செய்தார்கள்? தங்கள்மேலேயே. அவரும் நண்பர்களும் மாணவர்களும் மாற்றி மாற்றி ஊசி போட்டுக்கொண்டார்கள். கோகைன் ஒருவரை அடிமையாக்கும் என்பது அன்று மருத்துவ உலகத்துக்குத் தெரியாது. தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது.

1885ல் இந்த ஆராய்ச்சி பற்றி ஒரு மருத்துவ இதழில் அவர் எழுதிய கட்டுரையின் முதல் வாக்கியமே எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று புரியாது. அவ்வளவு தெளிவாக யோசிக்கத் தெரிந்த மனிதருடைய மூளை அந்த நிலைக்குப் போயிருந்தது. வகுப்புக்கு வருவது நின்றது. ஆபரேஷனுக்கு வருவது நின்றது. அவரோடு சேர்ந்து ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் அதிலிருந்து மீளவே இல்லை, செத்துப்போனார்கள்.

1886ல் ராட் ஐலண்டில் இருக்கும் பட்லர் மனநல மருத்துவமனையில் பல மாதங்கள் இருந்தார். குடும்பப் பெயரை விட்டுவிட்டு வில்லியம் ஸ்டுவர்ட் என்ற பெயரில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் கோகைனை நிறுத்த என்ன கொடுத்தார்கள் தெரியுமா? மார்ஃபின். ஒரு பள்ளத்தை மூட இன்னொரு பள்ளம் தோண்டின கதை. 1887ல் மறுபடியும் அதே மருத்துவமனைக்குப் போக வேண்டி வந்தது.

நியூயார்க்கில் அவருடைய வாழ்க்கை முடிந்துபோனது. வயது 34.

பால்டிமோரில் இரண்டாவது வாய்ப்பு

ஒரு நண்பர் கைவிடவில்லை. வில்லியம் வெல்ச் என்ற நோயியல் பேராசிரியர், பால்டிமோரில் புதிதாக உருவாகிக்கொண்டிருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்தார். 1886 கடைசியில் ஹால்ஸ்டெட்டைத் தன் ஆராய்ச்சிக்கூடத்துக்கு அழைத்துக்கொண்டார். அங்கே நாய்களின் குடலைத் தைத்துப் பார்த்து, குடலின் எந்த அடுக்கு தையலைத் தாங்கிப் பிடிக்கிறது என்று ஹால்ஸ்டெட் கண்டுபிடித்தார். குடல் தையல் பிரியாமல் இருப்பதற்கான அடிப்படை அது.

1889 மே மாதம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறந்தது. முதலில் தற்காலிகமாகத்தான் எடுத்தார்கள். இவர் மேல் அவ்வளவு நம்பிக்கை! 1890ல் தலைமை சர்ஜன். 1892ல் பேராசிரியர்.

இப்போது வந்தவர் பழைய ஹால்ஸ்டெட் இல்லை. கலகலப்பு போய்விட்டது. அதிகம் பேச மாட்டார், பேசினாலும் குத்தலாகத்தான் வரும். ஆபரேஷன் செய்யும் விதமும் மாறியிருந்தது. மயக்க மருந்து வருவதற்கு முன் சர்ஜன்களுக்குள் வேகத்தில்தான் போட்டி, நோயாளி கதறி முடிப்பதற்குள் காலை எடுத்தாக வேண்டும். அந்தப் பழக்கம் மயக்க மருந்து வந்த பிறகும் போகவில்லை. ஹால்ஸ்டெட் அதை மாற்றினார். மெதுவாக, ஒவ்வொரு ரத்தக்குழாயாகக் கட்டி, திசுக்களை நசுக்காமல், மெல்லிய பட்டு நூலால் தைத்து முடிப்பார். பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கொட்டாவி வரும். நோயாளிக்குப் புண் சீக்கிரம் ஆறும்.

ரப்பர் கையுறை கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஆபரேஷன் அறையின் தலைமை நர்ஸ் கரோலின் ஹாம்ப்டன். கிருமிநாசினியாகப் பயன்படுத்திய பாதரசக் கரைசல் பட்டு அவர் கையெல்லாம் புண். 1889 - 90 குளிர்காலத்தில் ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் கம்பெனிக்குச் சொல்லி அவருக்காக மெல்லிய கையுறைகள் செய்ய வைத்தார். 1890 ஜூனில் இருவருக்கும் கல்யாணம். இதுவரை எல்லாருக்கும் தெரிந்த காதல் கதை. அதிகம் பேசப்படாத பாதி இது: அந்தக் கையுறை நர்சின் கையைக் காப்பாற்றத்தான் வந்தது. எல்லா சர்ஜன்களும் எல்லா ஆபரேஷனிலும் போட வேண்டும் என்று ஆக்கியதும், அதனால் குடலிறக்க ஆபரேஷன்களில் சீழ் பிடிப்பது எவ்வளவு குறைந்தது என்று கணக்கெடுத்துக் காட்டியதும் ஜோசப் பிளட்குட். அவர் ஹால்ஸ்டெட்டிடம் பயிற்சி பெற்ற ரெசிடென்ட். பேராசிரியர் யோசிக்காததை மாணவர் யோசிக்க அந்த இடத்தில் வழி இருந்தது.

ஏணி

அந்த வழியைத்தான் ஹால்ஸ்டெட் திட்டம் போட்டுக் கட்டினார். ஜெர்மனியில் பார்த்ததை எடுத்து அமெரிக்காவுக்கு ஏற்றபடி மாற்றினார். கீழ்ப்படியில் இன்டர்ன்கள். அதற்கு மேல் உதவி ரெசிடென்ட்கள். உச்சியில் ஒரே ஒரு தலைமை ரெசிடென்ட். உதவியாளராகச் சுமார் ஆறு வருஷம், தலைவராகச் சுமார் இரண்டு வருஷம். ஒவ்வொரு படி ஏறும்போதும் பொறுப்பு கூடும். முதலில் பார்க்க வேண்டும், பிறகு கொக்கி பிடிக்க வேண்டும், பிறகு சின்ன ஆபரேஷன், கடைசியில் முழு வார்டையும் தானே நடத்த வேண்டும். 1904ல் யேலில் பேசும்போது இந்த முறையை நாட்டுக்கே விளக்கினார்.

இதில் அடிப்படை யோசனை எவ்வளவு நல்லது என்று பாருங்கள். நம்ம லேப்ல நாலு பேர் குரூப்பில் ஒருத்தன் மட்டும் சர்க்யூட் போடுவான், மீதி மூணு பேர் ரீடிங் எழுதுவோம். பாஸும் ஆகிடுவோம். ஹால்ஸ்டெட் முறையில் அது நடக்காது. ஒவ்வொருவரும் ஒருநாள் அந்த சர்க்யூட்டைத் தனியாகப் போட்டே ஆக வேண்டும், அதற்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும்.

பலனும் கிடைத்தது. 33 வருஷத்தில் 17 தலைமை ரெசிடென்ட்களை உருவாக்கினார். அதில் 11 பேர் வேறு ஊர்களில் இதே மாதிரிப் பயிற்சித் திட்டங்களைத் தொடங்கினார்கள். மூளை அறுவை சிகிச்சையைத் தனித் துறையாக வளர்த்த ஹார்வி குஷிங் இவரிடம் ரெசிடென்டாக இருந்தவர்தான். இன்றைக்கு உலகத்தில் எங்கே சர்ஜரி படித்தாலும் இந்த ஏணியின் ஏதோ ஒரு வடிவத்தில்தான் ஏறுகிறார்கள்.

சரி, விலை என்ன?

ரெசிடென்ட் என்ற சொல்லுக்கு நேரான அர்த்தம் குடியிருப்பவர். நிஜமாகவே ஆஸ்பத்திரிக்குள்ளேயே குடியிருந்தார்கள். சாப்பாடு, படுக்கை எல்லாம் அங்கேதான். டியூட்டி முடியும் நேரம் என்று ஒன்று கிடையாது, ஏனென்றால் வீட்டுக்குப் போவது என்பதே கிடையாது. சம்பளம் பேருக்குத்தான். கல்யாணம் பண்ணிக்கொள்வதை விரும்ப மாட்டார்கள். எத்தனை வருஷம் என்று முன்கூட்டிச் சொல்லவும் மாட்டார்கள். உச்சிக்கு ஒருவர்தான் போக முடியும் என்பதால் பல பேர் பாதி வழியில் வெளியேற வேண்டியதுதான். வீட்டில் கைக்குழந்தை, படுத்த படுக்கையாக அம்மா, கட்ட வேண்டிய கடன் இதெல்லாம் இருக்கிறவர் இந்த ஏணியில் கால் வைக்கவே முடியாது. ஏணி செய்தவர் அப்படிப்பட்ட ஒருவரை மனதில் வைத்துச் செய்யவில்லை.

ரீல்ஸ் சொல்லும் கதை

ஹால்ஸ்டெட் பெயரைத் தேடினால் உங்களுக்கு முதலில் வருவது இதுவாகத்தான் இருக்கும்: கோகைன் அடித்துத் தூங்காமல் வேலை பார்த்த ஒருவர், மற்றவர்களும் அப்படியே தூங்காமல் இருக்க வேண்டும் என்று விதி போட்டார், அதனால்தான் இன்றைக்கு டாக்டர்கள் தூங்குவதில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. நானும் முதலில் நம்பி நண்பர்களுக்கு ஃபார்வர்ட் பண்ணினேன். படிக்கப் படிக்க, கணக்கு இடித்தது.

அவர் விடிய விடிய வேலை பார்த்தது நியூயார்க்கில், இளவயதில். அதில் பெரும்பகுதி கோகைனுக்கு முன்னால். ரெசிடென்சி முறையை அமைத்தது பால்டிமோரில். அங்கே அவர் தினமும் எடுத்துக்கொண்டிருந்தது மார்ஃபின். கோகைன் அவரை முழுவதுமாக விட்டதா என்பதில் வரலாறு எழுதுபவர்களுக்குள் கருத்து ஒத்துப்போகவில்லை. ஆனால் பால்டிமோர் ஹால்ஸ்டெட் நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் கிடந்த ஆள் இல்லை. ஒவ்வொரு கோடையிலும் மாதக்கணக்கில் ஊரில் இருக்க மாட்டார். வட கரோலினா மலைப்பகுதியில் ஹை ஹாம்ப்டன் என்று அவர்களுக்கு ஒரு பெரிய தோட்ட வீடு. அங்கே டேலியா பூச்செடி வளர்ப்பார். சட்டைகளைச் சலவைக்குப் பாரிஸுக்கு அனுப்புவார். நிஜமாகத்தான், பாரிஸ்!

அப்போது வார்டை யார் பார்த்தது? ரெசிடென்ட்கள்தான். அவர் இல்லாதபோது முழுப் பொறுப்பும் அவர்கள் தலையில். அதனால் அவர்கள் அற்புதமாகக் கற்றுக்கொண்டார்கள் என்பது உண்மை. நிறுவனரே பின்பற்றாத ஒரு வாழ்க்கையை அவர்கள் வாழ்ந்தார்கள் என்பதும் உண்மை. தன் உடம்புக்கு ஓய்வு வேண்டும், தன் பலவீனத்துக்கு மறைப்பு வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கீழே இருந்தவர்களுக்கும் உடம்பு உண்டு என்பது அந்த அமைப்பில் எங்கேயும் எழுதப்படவில்லை.

அவருடைய மறைப்பைக் காத்தவர்களில் ஒருவர் வில்லியம் ஆஸ்லர், ஹாப்கின்ஸின் மருத்துவப் பேராசிரியர். 1890 வாக்கில் ஒருநாள் ஹால்ஸ்டெட் கடும் குளிர் நடுக்கத்தில் இருப்பதைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டார். வெளியே சொல்லவில்லை. ஆனால் ரகசியமாக எழுதி, மூடி முத்திரையிட்டு வைத்தார். அந்தக் குறிப்பு 1969ல்தான் வெளியே வந்தது. கோகைனை ஜெயித்துவிட்டார் என்று நம்பியிருந்த மருத்துவ உலகத்துக்கு, அவர் மார்ஃபினோடு போராடிக்கொண்டேதான் அவ்வளவையும் செய்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. இதைப் படித்தபோது எனக்கு அவர் மேல் கோபம் குறைந்தது. சரிந்து விழுந்த ஒரு மனிதரை வெல்ச் தூக்கி நிறுத்தினார், ஆஸ்லர் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தக் கருணை கிடைத்ததால்தான் நமக்கு ஹால்ஸ்டெட் கிடைத்தார். களைத்துப்போன ஒரு ரெசிடென்டுக்கு அதே கருணை கிடைத்ததா என்பதுதான் என் கேள்வி.

கடைசி ஆபரேஷன்

1919ல் பித்தப்பைக் கல்லுக்காக ஹால்ஸ்டெட்டுக்கே ஆபரேஷன் நடந்தது. 1922 கோடையில் வலி திரும்ப வந்தது. மலையிலிருந்து பால்டிமோருக்குக் கொண்டுவந்தார்கள். அவர் பயிற்றுவித்த ஜார்ஜ் ஹ்யூயரும் மான்ட் ரீடும் வந்து ஆபரேஷன் செய்தார்கள். தன் வயிற்றைத் தன் மாணவர்கள் கையில் கொடுத்துப் படுத்திருக்கிறார் மனிதர். தான் கட்டிய ஏணி மேல் அவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கும். ஆபரேஷனுக்குப் பின் நிமோனியா வந்து 1922 செப்டம்பர் 7 அன்று இறந்தார். எழுபது வயது முடிய இன்னும் 16 நாள் இருந்தது. அதே வருஷம் கரோலினும் இறந்துபோனார்.

அவருக்குப் பிறகு

அவர் விட்டுச் சென்றவற்றில் ஒன்று, மார்பகப் புற்றுநோய்க்கான பெரிய ஆபரேஷன். மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளையும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்தே அகற்றிவிடுவது. எவ்வளவு அதிகமாக வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்ற நம்பிக்கை. பல பத்தாண்டுகள் பெரும்பாலானோர் கேள்வி கேட்கவில்லை. 1970, 80களில் பெர்னார்ட் ஃபிஷர் போன்றவர்கள் முறையான ஆய்வு நடத்தி, குறைவாக வெட்டினாலும் நோயாளிகள் அதே அளவு பிழைக்கிறார்கள் என்று காட்டினார்கள். முறை மாறியது. இதற்காக ஹால்ஸ்டெட்டை யாரும் திட்டவில்லை. அவர் காலத்துக்கு அவர் செய்தது சரி, இப்போது நமக்கு இன்னும் தெரியும், அவ்வளவுதான்.

வேலை நேரத்தில் மட்டும் அந்தத் தெளிவு வர ரொம்ப நாள் ஆனது. ஆஸ்பத்திரிக்குள் குடியிருந்த காலம் போய்விட்டது, ஆனால் 36 மணி நேர டியூட்டி போகவில்லை. ஹால்ஸ்டெட் காலத்து நோயாளிகள் வாரக்கணக்கில் படுத்திருப்பார்கள், மருந்துகளும் குறைவு. இன்றைய வார்டில் ராத்திரி முழுக்க அட்மிஷன், நூறு விதமான மருந்து, ஒன்றுக்கொன்று ஒத்துவராத மருந்து. அதே மணிநேரம், ஆனால் வேலை அதே வேலை இல்லை.

1984 மார்ச்சில் லிபி சையன் என்ற 18 வயதுக் கல்லூரி மாணவி காய்ச்சலோடு ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்து மறுநாள் காலை இறந்தார். அவர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்த மாத்திரையோடு ஒத்துவராத மருந்து கொடுக்கப்பட்டிருந்தது. ராத்திரி அவரைப் பார்த்துக்கொண்ட பயிற்சி டாக்டர் இன்னும் பல பத்து நோயாளிகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆஸ்பத்திரி எது தெரியுமா? நியூயார்க் ஹாஸ்பிட்டல். இளம் ஹால்ஸ்டெட் நோயாளிகளின் கட்டிலில் சார்ட் மாட்டிய அதே நிறுவனம். வழக்கை விசாரித்த கிராண்ட் ஜூரி தனி ஆட்கள் மேல் கிரிமினல் குற்றம் சாட்டவில்லை. பயிற்சி முறையைத்தான் விமர்சித்தது. 1989ல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம், தொடர்ச்சியாக 24 மணி நேரம் என்று எல்லை வைத்தது. 2003ல் 80 மணி நேர எல்லை அமெரிக்கா முழுவதற்கும் வந்தது. 80 மணி நேரம்தான் குறைக்கப்பட்ட அளவு என்றால் அதற்கு முன்னால் எவ்வளவு இருந்திருக்கும்!

இதில் விடை ஈசியா கிடைச்சிடும்னு நினைக்காதீங்க. 2004ல் வெளியான ஒரு ஆய்வில், பழைய நீண்ட ஷிஃப்டில் இருந்த இன்டர்ன்கள் சுருக்கிய ஷிஃப்டில் இருந்தவர்களைவிட 36 சதவீதம் அதிகமாகக் கடுமையான தவறுகள் செய்தார்கள். 2016ல் நூற்றுக்கும் மேற்பட்ட சர்ஜரி பயிற்சித் திட்டங்களில் நடந்த இன்னொரு ஆய்வில், 80 மணி நேர எல்லைக்குள் ஷிஃப்ட் நீளத்தைத் தளர்த்தியும் நோயாளிகளின் இறப்பு கூடவில்லை. ஷிஃப்ட் சுருங்கினால் ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் நோயாளியை ஒப்படைப்பது அதிகமாகும், அதில் தகவல் தவறும். நம்ம பாஷையில் சொன்னா, மாட்யூல் கூடினா இன்டர்ஃபேஸ் பிரச்சினையும் கூடும். அதற்கும் வழி இருக்கிறது. 2014ல் ஒன்பது ஆஸ்பத்திரிகளில் ஒப்படைக்கும் முறையை ஒழுங்குபடுத்தியபோது மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன. டாக்டரைத் தூங்க விடாமல் வைத்திருப்பது மட்டுமே வழி இல்லை என்பதற்கு இது போதும்.

நம்ம நாட்டிலும் 1992லேயே மத்திய அரசின் ரெசிடென்சி திட்டம் சாதாரணமாக வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று சொன்னது. காகிதத்தில் இருப்பதும் பொங்கல் இலையில் நான் பார்த்ததும் ஒன்றில்லை.

ஹால்ஸ்டெட் கொடுத்ததை நான் ரெண்டாகப் பிரிச்சுப் பார்க்கிறேன். படிப்படியா பொறுப்பு கூட்டிக் கத்துக்கொடுக்கிறது ஒண்ணு. முடிவே இல்லாத நேரம் இன்னொண்ணு. ரெண்டும் ஒரே பார்சல்ல வந்ததால, நேரத்தைக் குறைச்சா படிப்பு போயிடும்னு பெரியவங்க பயப்படுறாங்க. பிளட்குட்டைக் கையுறை பத்தி யோசிக்க வெச்சது பொறுப்பு. தூக்கமில்லாதது இல்லை.

இது டாக்டர்களுக்கு மட்டும் இல்லை மக்களே. இன்னும் சில மாசத்துல நாமளும் வேலைக்குப் போறோம். ராத்திரி முழுக்க ஆபீஸ்ல இருந்ததைப் பெருமையா சொல்ற சீனியர் வருவார். நாம சீனியர் ஆனதும் அதையே ஜூனியர்கிட்ட சொல்லத் தோணும், நாங்களும் இப்படித்தான் கஷ்டப்பட்டோம்னு. அப்போ ஒரு நிமிஷம் இந்த மனுஷனை நினைச்சுக்கோங்க.

அக்காகிட்ட இந்தக் கட்டுரையை அனுப்பினேன். ரெண்டு நாள் கழிச்சுத்தான் ப்ளூ டிக் வந்தது. டியூட்டியில இருந்தாங்களாம். அடுத்த வருஷம் அவங்களுக்குக் கீழே புதுசா ஜூனியர்ஸ் வர்றாங்க. டியூட்டி லிஸ்ட்டை இந்த முறை அக்காதான் போடப் போறாங்க. ராத்திரி டியூட்டி பார்த்தவங்களை மறுநாள் மதியத்துக்குள்ள வீட்டுக்கு அனுப்ப முடியுமான்னு ஒரு பேப்பர்ல போட்டுப் பார்த்துட்டு இருக்காங்களாம். நாலு பேர் குறையுதாம். நம்ம ஆப்டிமைசேஷன் பேப்பர் நோட்ஸ் இருந்தா அனுப்பச் சொன்னாங்க. யார்கிட்டயாவது நல்ல நோட்ஸ் இருந்தா சொல்லுங்க, என்னோடது படிக்கிற நிலையில இல்லை.